பிரதியின் பிரதியை எப்படி வாசிப்பது?

கேள்வி இது: ஓர் ஓவியத்தையோ புகைப்படத்தையோ பின்நவீனத்துவப் பார்வையில், அதாவது அசல், மேதைமை, நிலையான அர்த்தம் ஆகியவற்றைச் சந்தேகிக்கும் பார்வையில், அலசி எழுத வேண்டும். "அர்த்தம் நிலையானதல்ல, ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகப் பார்க்கலாம்" என்று இரண்டு வரி எழுதியதும் கட்டுரை நின்றுவிடுகிறது. மேற்கொண்டு எதைப் பார்ப்பது, எந்த வரிசையில் பார்ப்பது?

நின்றுவிடுவதில் வியப்பில்லை. அந்த வாக்கியம் எந்தப் படைப்புக்கும் பொருந்தும். அதனாலேயே உங்கள் முன்னால் இருக்கும் படைப்பைப் பற்றி அது ஒன்றுமே சொல்வதில்லை. இந்தப் பிம்பம் எங்கிருந்து வந்தது, யார் யார் கை மாறி இங்கே வந்து சேர்ந்தது, ஒவ்வொரு கைமாற்றத்திலும் எது ஒட்டிக்கொண்டது, எது உதிர்ந்தது, இதை உண்மை என்றும் அசல் என்றும் நம்மை நம்பவைத்தது எது என்று கேளுங்கள். தேதி, அளவு, பெயர், இடம் என்று பதில் கிடைக்கும் கேள்விகள் இவை. கோட்பாட்டுச் சொற்களைக் கடைசியில் தொட்டால் போதும்.

தொடங்குமுன் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். பின்நவீனத்துவக் கலை வேறு, பின்நவீனத்துவ வாசிப்பு வேறு. 1970களின் இறுதியில் நியூயார்க்கில் உருவான படைப்புகள் பலவும் இந்தச் சிந்தனைகள் புழங்கிய சூழலிலேயே பிறந்தவை. அவற்றில், படைப்பே செய்துகாட்டும் விமர்சனத்தைப் பின்தொடர்வது உங்கள் வேலை. பழைய படைப்பையும் இந்தக் கண்ணால் வாசிக்கலாம். ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெஸ் 1656-இல் வரைந்த 'லாஸ் மெனினாஸ்' ஓவியத்தைப் பிரெஞ்சுத் தத்துவவாதி மிஷெல் ஃபூக்கோ 1966-இல் அப்படித்தான் வாசித்தார். அங்கே படைப்பு தன்னை இயல்பானதாகக் காட்டிக்கொள்ளும் இடங்களை நீங்கள்தான் தேடிப்பிடிக்க வேண்டும். இரண்டையும் குழப்பி, வெலாஸ்கெஸைப் பின்நவீனத்துவவாதி என்று எழுதிவிடுவது அடிக்கடி நேரும் பிழை.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. 'பிரதி' என்றால் நகல். தொண்ணூறுகளில் 'நிறப்பிரிகை' போன்ற சிற்றிதழ்களில் கோட்பாட்டு விவாதம் சூடுபிடித்த காலத்தில், 'டெக்ஸ்ட்' என்பதற்கும் அதே சொல் புழக்கத்தில் நிலைத்தது. நகலெடுத்ததும் வாசிக்கப்படுவதும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டன. நான் எடுத்துக்கொள்ளும் உதாரணத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

ஷெர்ரி லெவின் என்ற அமெரிக்கக் கலைஞர் 1981-இல் நியூயார்க்கின் மெட்ரோ பிக்சர்ஸ் கேலரியில் கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள் சிலவற்றைக் காட்சிக்கு வைத்தார். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் வாக்கர் எவன்ஸ் 1936-இல் எடுத்த புகழ்பெற்ற படங்கள் ஒரு கண்காட்சிக் கேட்லாகில் அச்சாகியிருந்தன. அந்தப் பக்கங்களை லெவின் தன் கேமராவால் மறுபடி படமெடுத்து அச்சுப் போட்டார். வெட்டவில்லை, வண்ணம் பூசவில்லை, எதையும் சேர்க்கவில்லை. தொடரில் 22 படங்கள். அவற்றில் மிகவும் பேசப்பட்டது ஒரு பெண்ணின் முகம்.

முதல் வேலை கணக்கெடுப்பு. அரை மணி நேரம் படத்தை மட்டும் பார்த்து, அபிப்பிராயம் கலக்காத இருபது வாக்கியங்கள் எழுதுங்கள். பெண் ஒருவர் நேராகக் கேமராவைப் பார்க்கிறார். முடி பின்னுக்கு இழுத்து வாரப்பட்டிருக்கிறது. பின்னால் கிடைவாக்கில் மரப்பலகைகள். உடையில் பொடிப் பொடியான வடிவங்கள். வாய் மூடியிருக்கிறது. "சோகமான", "வறுமையால் வாடிய" போன்ற சொற்களை இந்தக் கட்டத்தில் அனுமதிக்காதீர்கள். அவை படத்தில் இருப்பவையா, படத்தோடு நாம் கேட்டு வளர்ந்த கதையில் இருப்பவையா என்பதைத்தான் பிறகு கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. முன்கூட்டியே எழுதிவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும்.

கணக்கெடுப்பில் படத்தின் அளவும் அது எதனால் ஆனது என்பதும் கட்டாயம் வர வேண்டும். திரையில் பார்த்தே எழுதுகிறவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான். செல்பேசியில் எவன்ஸ் படமும் லெவின் படமும் ஒன்றுபோலவே தெரியும். நேரில் லெவினின் அச்சு ஏறத்தாழ 13க்கு 10 சென்டிமீட்டர்தான், உள்ளங்கையளவு. எவன்ஸ் இந்தப் படங்களை எடுத்தது 8க்கு 10 அங்குல நெகட்டிவ் போடும் பெரிய கேமராவில். நுணுக்கம்தான் அந்தக் கேமராவின் பெருமை. லெவின் படமெடுத்தது மை அச்சான தாளை. பலகையின் ரேகையும் தோலின் நுண்மையும் அங்கே ஏற்கெனவே ஒரு படி இறங்கிவிட்டன. ஆகவே "ஒரே படம்தானே" என்ற முதல் எதிர்வினையே தவறு. லெவின் முன்னால் இருந்தது ஒரு முகம் அல்ல, ஒரு பக்கம்.

அடுத்தது தலைப்பு. 'வாக்கர் எவன்ஸைப் பின்பற்றி' என்று தமிழில் சொல்லலாம். ஆங்கிலத் தலைப்பின் முதல் சொல்லான 'ஆஃப்டர்' என்பதற்கு 'பிறகு' என்ற பொருளும் உண்டு, 'பின்பற்றி' என்ற பொருளும் உண்டு. செதுக்கு அச்சுகள் காலத்திலிருந்தே அருங்காட்சியக வழக்கில், ஓர் ஓவியத்தைப் பார்த்து வேறொருவர் செய்த நகலின் கீழே 'இன்னாரைப் பின்பற்றி' என்று எழுதுவது மரபு. லெவின் ஒளித்து எதையும் செய்யவில்லை. நகல் என்று நெற்றியிலேயே எழுதித்தான் வைத்தார். "திருட்டு" என்று தொடங்கும் கட்டுரைகள் இந்த இடத்திலேயே சாய்ந்துவிடுகின்றன. திருடுகிறவர் உடையவரின் பெயரைத் தலைப்பில் போடமாட்டார்.

மூன்றாவது, வழித்தடம். நேரத்தில் பாதியை இதற்கே ஒதுக்கலாம். கட்டுரையின் சத்து இங்கேதான் இருக்கிறது. 1936 கோடையில் எவன்ஸ், எழுத்தாளர் ஜேம்ஸ் ஏஜியுடன் அலபாமா மாநிலத்தின் ஹேல் கவுண்டிக்குப் போனார். ஃபார்ச்சூன் பத்திரிகைக்கு பிறர் நிலத்தில் விளைச்சலைப் பங்கிட்டுக்கொள்ளும் வார முறையில் பருத்தி பயிரிடும் குடும்பங்களைப் பற்றி ஒரு கட்டுரை. அதற்காக அரசுத் துறை ஒன்று தன் சம்பளத்தில் இருந்த எவன்ஸை, நெகட்டிவ்கள் அரசுக்கே என்ற ஏற்பாட்டோடு அனுப்பிவைத்தது. பத்திரிகை கட்டுரையை வெளியிடவில்லை. 1941-இல்தான் அது புத்தகமாக வந்தது. அந்தப் பெண்ணின் பெயர் ஆலி மே பரோஸ், வயது 27. அவரை எவன்ஸ் கிட்டத்தில் நிறுத்தி நான்கு முறை எடுத்தார். ஒவ்வொன்றிலும் முகபாவம் சற்றே வேறு. 1938-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகக் கண்காட்சியோடு வந்த புத்தகத்தில் இருப்பது ஒன்று, 1941 புத்தகத்தில் இருப்பது இன்னொன்று. எவன்ஸ் அரசுக்காக எடுத்த படங்கள் இன்று அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் பொதுச் சொத்தாக இருக்கின்றன. யாரும் அச்சுக் கேட்டு வாங்கலாம்.

இவ்வளவையும் வரிசையாக எழுதிப் பாருங்கள். அசல் எது? அந்த முகமா, நான்கு நெகட்டிவ்களா, அவற்றில் எவன்ஸ் தேர்ந்தெடுத்த ஒன்றா, அப்படியானால் 1938 புத்தகத்தில் வந்ததா, 1941 புத்தகத்தில் வந்ததா, அல்லது கேட்லாகின் மையா? லெவின் அசலைக் குலைத்தார் என்று சொல்வது துல்லியமல்ல. ஏற்கெனவே பல படிகள் இருந்த ஏணியில் அவர் ஒரு படி கூட்டினார், அதனால் ஏணி கண்ணுக்குத் தெரிந்தது. 2001-இல் மைக்கேல் மேண்டிபெர்க் என்ற கலைஞர் இதே படங்களை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றினார். யார் வேண்டுமானாலும் அச்சிட்டு, கூடவே தரப்பட்ட அசல்தன்மைச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டுக்கொள்ளலாம். ஏணி மேலும் ஒரு படி நீண்டது.

வழித்தடம் தெரிந்த பிறகுதான் பிரெஞ்சு விமர்சகர் ரோலான் பார்த் எழுதிய 'ஆசிரியரின் மரணம்' என்ற கட்டுரை கைகொடுக்கும். 1967-இல் அவர் சொன்னதை "படைப்பாளிக்கு முக்கியத்துவம் இல்லை" என்று சுருக்குவது கோட்பாட்டைச் சுளுவாக்குவதற்குச் செய்யும் கெடுதல். பல இடங்களிலிருந்து வந்த மேற்கோள்கள் பின்னிய இழையாகப் பிரதியை அவர் பார்த்தார். அந்த இழைகள் ஒன்றுகூடும் இடமாக வாசகரைக் காட்டினார். லெவினிடம் இதைச் சோதிக்க முடியும். எவன்ஸின் முத்திரை என்று போற்றப்படும் நேர்முகக் கோணம், அலங்காரமற்ற பின்னணி, சீரான ஒளி ஆகியவற்றைக் காவல்நிலையப் படங்களிலும் அடையாள அட்டைப் படங்களிலும் அஞ்சலட்டைகளிலும் காணலாம். 'ஆவணம்' என்று நாம் நம்புவது ஒரு பாணி. அந்தப் பாணிக்குத் தனி ஆசிரியர் கிடையாது.

அடுத்து எது உதிர்ந்தது என்று பார்க்க வேண்டும். பரோஸின் பெயர் உதிர்ந்தது. ஏஜி தன் புத்தகத்தில் அந்தக் குடும்பங்களுக்கு மாற்றுப் பெயர் வைத்தார்; பரோஸ் அங்கே 'கட்ஜர்'. லெவினின் தலைப்பிலும் இருப்பது எவன்ஸின் பெயர்தான். ஆண் மேதைகளின் வரிசையை ஒரு பெண் கலைஞர் கேள்வி கேட்கிறார் என்று பெண்ணிய விமர்சகர்கள் இந்தத் தொடரை வாசித்தார்கள், அந்த வாசிப்பு வலுவானது. ஆனால் சட்டகத்துக்குள் இருக்கும் பெண் இரண்டாவது முறையும் பெயரில்லாமல்தான் நிற்கிறார். இதை எழுதாத அலசல் அரைகுறை என்றுதான் சொல்வேன். பின்நவீனத்துவப் படைப்பு ஒன்றைப் பின்நவீனத்துவமாக வாசிப்பது என்றால் அதைப் பாராட்டி முடிப்பது என்று பொருளில்லை. அது எதைக் கட்டுடைக்கிறதோ அதே கண்ணால் அதையும் பார்க்க வேண்டும்.

பிறகு, படைப்பு இப்போது எங்கே இருக்கிறது? எவன்ஸின் ஆவணக் காப்பகம் 1994-இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குப் போனது. லெவினின் தொடரும் அதே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அசல், மேதைமை, உடைமை மூன்றையும் கேள்வி கேட்ட நகல், அசலோடு ஒரே கூரையின் கீழ்ப் பதிவெண் பெற்றுவிட்டது. இதைத் தோல்வி என்றும் எழுதலாம், வெற்றி என்றும் எழுதலாம். எப்படி எழுதினாலும் காரணம் காட்ட வேண்டும்.

லெவினை வைத்து இன்னொரு வேறுபாட்டையும் கூர்மையாக்கிக்கொள்ளலாம். இன்னொரு அமெரிக்கக் கலைஞரான சிண்டி ஷெர்மன் 1977 முதல் 1980 வரை தன்னையே வேடமிட்டு எடுத்த 'தலைப்பில்லாத சினிமா ஸ்டில்கள்' பழைய சினிமாவிலிருந்து எடுத்தவை போலவே இருக்கும். பார்த்ததும் "இந்தப் படத்தை எங்கோ பார்த்திருக்கிறேன்" என்று தோன்றும். தேடினால் கிடைக்காது, ஏனென்றால் அப்படியொரு சினிமாவே இல்லை. லெவினுடையது அசல் உள்ள நகல், ஷெர்மனுடையது அசலே இல்லாத நகல். அசல் இல்லாத நகலைக் குறிக்கப் பிரெஞ்சுச் சிந்தனையாளர் போத்ரியார் பேசிய 'சிமுலாக்ரம்' என்ற சொல்லை ஷெர்மனுக்குப் பயன்படுத்தலாம். லெவினுக்கு அப்படியே ஒட்டினால் பொருந்தாது. பகடிக்கும் பாஸ்டீஷுக்கும் உள்ள வேறுபாட்டையும் இதே கவனத்தோடு கையாளுங்கள். அமெரிக்க விமர்சகர் ஃபிரெட்ரிக் ஜேம்சன் 1984-இல் எழுதியபடி, பாஸ்டீஷ் என்பது குத்தல் இல்லாத போலச்செய்தல். சோதனை எளிது: இந்தப் போலச்செய்தலால் யாருக்கு உறைக்கிறது என்று கேளுங்கள். ஒருவருக்கும் உறைக்கவில்லையென்றால் பாஸ்டீஷ்.

இந்த முறையை நம் பக்கத்துப் படைப்பு ஒன்றில் பொருத்திப் பார்த்தால் அதன் எல்லையும் தெரியும். பெங்களூரைச் சேர்ந்த புஷ்பமாலா என்., புகைப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியுடன் சேர்ந்து 2000 முதல் 2004 வரை செய்த தொடரின் தலைப்பைத் தமிழில் 'தென்னிந்தியப் பூர்வகுடிப் பெண்கள்: நடையுடை பழக்கவழக்கங்கள்' எனலாம். காலனியக் காலத்து இனவரைவியல் புத்தகங்களின் தலைப்பு வாடையை வேண்டுமென்றே பூசிக்கொண்ட பெயர். ரவிவர்மாவின் நிலவொளிப் பெண், ரவிவர்மா அச்சகத்து லட்சுமி, மானுடவியல் அளவீட்டுப் படத்தில் நிற்கும் தோடர் பெண் என்று நாம் பார்த்துப் பழகிய பிம்பங்களாக புஷ்பமாலாவே வேடமிட்டு நிற்கிறார்.

இங்கே வழித்தடம் தேடினால் ஒவ்வொரு படத்துக்கும் வேறு வேறு வரலாறு விரிகிறது. அளவீட்டுப் படத்தின் பின்னால் இருக்கும் கட்டங்களை அலங்காரம் என்று கடந்துவிடக் கூடாது. 1869-இல் ஜே. எச். லாம்ப்ரே என்ற ஆங்கிலேயர் மனித உடலை ஒப்பிட்டு அளக்க ஒரு முறையை முன்வைத்தார்: மரச்சட்டத்தில் பட்டு நூல் கட்டி 2 அங்குலச் சதுரங்கள் ஆக்குவது, அதன் முன்னால் ஆளை நிறுத்திப் படமெடுப்பது. அந்தக் கட்டத்தைப் பார்த்ததும் இந்த வரலாறு உங்கள் கட்டுரைக்குள் வந்தாக வேண்டும். அன்று கட்டத்தின் முன்னால் நின்றவருக்குப் படத்தின் மேல் எந்த உரிமையும் இல்லை. புஷ்பமாலாவின் படத்தில் முன்னால் நிற்பவரே படத்தை இயக்குகிறார். கேமராவின் பின்னால் இருப்பவர் ஐரோப்பிய வம்சாவளிப் பெண். யார் பார்ப்பவர், யார் பார்க்கப்படுபவர் என்ற பழைய கணக்கு இடம் மாறியிருக்கிறது. ஆனாலும் ஒரு கேள்வி பாக்கி நிற்கிறது. நகரத்துக் கலைஞர் ஒருவர் தோடர் பெண்ணாக வேடமிடும்போது, தோடர் பெண்ணுக்குப் பேச இடம் கிடைத்ததா? பரோஸின் பெயரைத் தேடிய அதே கேள்விதான். அதை இங்கேயும் விடாமல் கேட்க வேண்டும்.

லட்சுமி படத்தில் நிலைமை வேறு. ரவிவர்மா 1894-இல் மும்பையில் கல்லச்சுக்கூடம் தொடங்கினார். ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனிக் கல், கடைசியில் எண்ணெய் ஓவியம் போன்ற பளபளப்பு. அந்தப் படங்கள் வீடுகளுக்குள் போனதும் பலர் அவற்றின் மேல் ஜரிகையும் துணியும் மணியும் ஒட்டி அலங்கரித்தார்கள். பிறகு கோவில்பட்டி கொண்டையராஜு போன்றவர்களின் கையிலிருந்து சிவகாசி அச்சகங்கள் வழியாகக் காலண்டர் லட்சுமி ஊரெங்கும் பரவினாள். மேற்கத்தியக் கோட்பாட்டின் ஒரு முக்கியமான கணிப்பு இங்கே தடுமாறுகிறது. இயந்திரப் பிரதியெடுப்பில் படைப்பின் ஒளிவட்டம், அதாவது ஒரே ஓர் அசலுக்கு உள்ள தனி மகிமை, மங்கும் என்று ஜெர்மன் சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமின் 1930களில் எழுதினார். லட்சக்கணக்கில் அச்சான காலண்டர் தாளைச் சட்டம் போட்டு மாட்டிக் குங்குமம் வைத்துச் சூடம் காட்டுகிற வீட்டில், அசல் எங்கே தொங்குகிறது என்று யாரும் கேட்பதில்லை. ஒளிவட்டம் அங்கே குங்குமம் வைத்த நொடியில் வந்து சேர்கிறது. ஆகவே "புஷ்பமாலா அசலின் புனிதத்தைக் கலைக்கிறார்" என்று லெவினுக்கு எழுதியதையே இங்கேயும் எழுதினால் தப்பு. இந்த மரபில் அசலுக்குப் புனிதம் இருந்ததில்லை, பிரதிக்குத்தான் இருந்தது. அவர் தொடுவது வேறு இடம்: தேவி, நாயகி, பழங்குடி என்று பெண்ணுக்கென வார்த்துவைத்த அச்சுகள். திரையும் ஒப்பனையும் செயற்கை என்பதை அவர் மறைக்காததால் வார்ப்படம் வெளியே தெரிகிறது.

கோட்பாட்டை எடுத்துக்கொண்டு படைப்புக்குப் போகும்போது, அது எந்த ஊரில் எந்தச் சிக்கலுக்காக உருவானது என்று பார்ப்பதன் பயன் இதுதான். பிரெஞ்சுத் தத்துவவாதி லியோதார் 1979-இல் பெருங்கதையாடல்களின் மேல், அதாவது எல்லாவற்றையும் ஒரே கதைக்குள் அடக்கி விளக்கும் பெரிய கதைகளின் மேல், நம்பிக்கையிழப்பு என்று எழுதியது கனடாவின் கியூபெக் அரசுக்காக, வளர்ந்த சமூகங்களில் அறிவின் நிலை பற்றித் தயாரித்த அறிக்கையில். அதை எல்லா ஊருக்கும் விதியாக எடுத்துக்கொண்டால் அதுவே ஒரு பெருங்கதையாடல் ஆகிவிடும்.

இனி, தவறும் இடங்கள் சில. எந்த வாசிப்பும் செல்லும் என்ற எண்ணம்தான் பெரிய ஆபத்து. உங்கள் வாசிப்பைச் சரிபார்க்க, கணக்கெடுப்பில் எழுதிய இருபது வாக்கியங்களையும் மறுபடி எடுத்து ஒவ்வொன்றோடும் மோதவிடுங்கள். அளவோ தலைப்போ இடமோ அதற்கு எதிராகச் சாட்சி சொன்னால் வாசிப்பைத் திருத்துங்கள். பன்மை வாசிப்பு என்றால் ஆதாரமுள்ள வாசிப்புகள் ஒன்றுக்கு மேல் இருக்கலாம் என்பதுதான்.

கலவையாக இருப்பதையெல்லாம் பின்நவீனம் என்பது இன்னொன்று. மார்செல் துஷான் என்ற கலைஞர் 1917-இல் சிறுநீர்க் கழிகலத்தைக் கண்காட்சிக்கு அனுப்பியது, கலையின் வழக்கங்களைக் கேலி செய்த டாடா இயக்கத்தின் காலம். அதை முன்னோடி என்று சொல்லுங்கள், காலத்தை மாற்றாதீர்கள். ஆனால் இன்று அருங்காட்சியகங்களில் நாம் பார்க்கும் கழிகலங்கள் பிற்காலப் பிரதிகள், அவற்றில் பல 1964-இல் செய்யப்பட்டவை. 1917-இல் அனுப்பிய கழிகலம் தொலைந்துவிட்டது. புகைப்படக் கலைஞர் ஸ்டீக்லிட்ஸ் எடுத்த அதன் புகைப்படம்தான் மிஞ்சியது. இந்தப் பிற்கால வாழ்க்கையை வைத்துப் பின்நவீனத்துவமாக எழுதத் தாராளமாக இடமிருக்கிறது.

கோட்பாட்டைச் சட்டத்தோடு குழப்புவதும் நடக்கிறது. லின் கோல்ட்ஸ்மித் 1981-இல் எடுத்த பாடகர் பிரின்ஸின் புகைப்படத்தை வைத்து ஆண்டி வார்ஹோல் என்ற அமெரிக்கக் கலைஞர் ஓவியத் தொடர் செய்தார். அதில் ஒன்றை வார்ஹோல் அறக்கட்டளை 2016-இல் ஒரு பத்திரிகைக்கு உரிமம் கொடுத்த விவகாரத்தில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2023-இல் 7க்கு 2 என்ற கணக்கில் கோல்ட்ஸ்மித்தின் பக்கம் தீர்ப்பளித்தது. ஆசிரியர் இறந்துவிட்டார் என்ற வாதம் நீதிமன்றத்தில் செல்லாது. மாணவர்கள் தங்கள் படைப்புக்குப் பிறர் படத்தை எடுக்குமுன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஆயிரத்தைந்நூறு சொல் கட்டுரை என்றால், கணக்கெடுப்புக்கு இருநூறு, தலைப்புக்கும் இடத்துக்கும் இருநூறு, வழித்தடத்துக்கு அறுநூறு, உதிர்ந்தவற்றுக்கு முந்நூறு, எதிர்வாசிப்புக்கு இருநூறு என்று பிரித்துக்கொள்ளலாம். கோட்பாட்டாளர் பெயர் இரண்டைத் தாண்ட வேண்டாம். முதல் பயிற்சிக்கு அருங்காட்சியகம் தேட வேண்டியதில்லை. வீட்டிலோ கடையிலோ தொங்கும் ஒரு சாமிப் படக் காலண்டரை இறக்கி மேசையில் வையுங்கள். அளவெடுங்கள். ஓவியரின் கையெழுத்து உண்டா, அச்சகத்தின் பெயர் எந்த மூலையில் எத்தனை சிறிதாக இருக்கிறது, கடைக்காரரின் பெயர் எத்தனை பெரிதாக இருக்கிறது, வருடம் முடிந்ததும் தேதித் தாளைக் கிழித்துவிட்டு எந்தப் பகுதியை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள் என்று இருபது வாக்கியங்கள் எழுதுங்கள்.